ஒரே யூமெம், பல ஏஎஃப்-எக்ஸ்டிபி சாக்கெட்டுகள்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

லினக்ஸில் ஒரே ஒரு ஏஎஃப்-எக்ஸ்டிபி சாக்கெட்டை (கெர்னலின் வழக்கமான நெட்வொர்க் அடுக்கைத் தாண்டி, பாக்கெட்டை நேராக நிரலிடம் தரும் சாக்கெட்) ஓட்டுவதில் பெரிய வில்லங்கம் எதுவும் இல்லை. பாக்கெட் பஃபர்கள் இருக்கும் அந்த யூமெம்மையே இரண்டாவது, மூன்றாவது சாக்கெட்டுக்கும் கொடுக்கும்போதுதான் தலைவலி ஆரம்பம். திரும்பத் திரும்ப என்னிடம் வந்து நிற்கும் பழுதுகளை அறிகுறிவாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். முழுவதும் படிக்க வேண்டியதில்லை, உங்கள் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமாகச் சரிபார்க்கக்கூடிய காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில். லாகில் பெரும்பாலும் எண்தான் பதிவாகும் என்பதால் பிழைப் பெயரோடு எண்ணையும் சேர்த்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

நீங்கள் பகிர்வது எந்த வகை? ஒரே நெட்வொர்க் கார்டின் ஒரே க்யூவில் இரண்டு சாக்கெட்டா, அல்லது வேறு வேறு க்யூவிலா (வேறு கார்டும் இதில் அடக்கம்)? முதலாவதை "ஒரே க்யூ வகை" என்றும் இரண்டாவதை "பல க்யூ வகை" என்றும் சொல்கிறேன். ஒரே க்யூ வகையில் ஃபில் ரிங்கும் (காலி பஃபரைக் கெர்னலுக்குக் கொடுக்கும் வரிசை) கம்ப்ளீஷன் ரிங்கும் (அனுப்பி முடித்த பஃபர் திரும்பி வரும் வரிசை) ஒரே ஜோடிதான், எல்லா சாக்கெட்டுக்கும் அது பொது. பல க்யூ வகையில் ஒவ்வொரு கார்டு-க்யூ இணைக்கும் தனி ஜோடி கட்டாயம். வருகிற கேஸ்களில் பாதி, இந்த இரண்டையும் கலந்து எழுதிய கோடு.

கெர்னல் பதிப்பு என்ன? பல க்யூ வகை 5.10-இல் வந்தது. அதற்கு முந்தைய கெர்னலில் ஒரே க்யூ வகை மட்டுமே. பழைய கெர்னலில் நிற்கிறீர்கள் என்றால் மேற்கொண்டு தேட வேண்டாம், கெர்னலை ஏற்றுங்கள்.

உண்மையிலேயே பகிர்கிறதா? 'எஸ்எஸ்' கட்டளையை எக்ஸ்டிபி, எக்ஸ்டெண்டட் ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் யூமெம் ஐடி, க்யூ எண், சங்க் அளவு (சங்க் என்பது யூமெம்மின் ஒரு துண்டு, ஒரு ஃபிரேமுக்கான இடம்), ஜீரோ-காப்பியா (நகலெடுக்காமல் கார்டே யூமெம்மில் எழுதும் முறையா) என்ற விவரம் வரும். இரண்டு சாக்கெட்டிலும் யூமெம் ஐடி ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறு ஐடி வந்தால் ஒரே நினைவகத்தை இரண்டு முறை பதிவு செய்திருக்கிறீர்கள், அது பகிர்வு அல்ல.

## அறிகுறி: யூமெம் பதிவே தோற்கிறது

105, ஈநோபஃப்ஸ். ரூட்டாக ஓட்டினால் வேலை செய்கிறது, சர்வீஸ் பயனராக ஓட்டினால் தோற்கிறது என்றால் இதுதான். யூமெம்மின் பக்கங்கள் பூட்டப்பட்ட நினைவகக் கணக்கில் ஏறும். ஐபிசி-லாக் உரிமை உள்ள ப்ராசஸுக்கு அந்தக் கணக்கு பார்க்கப்படாது, மற்றவர்களுக்கு மெம்லாக் வரம்பு குறுக்கே நிற்கும். அந்த வரம்பு பல காலம் 64 கேபி ஆக இருந்தது, 5.16-இலிருந்து 8 எம்பி. 4096 பைட் ஃபிரேம் 4096 வைத்தாலே 16 எம்பி ஆகிவிடும். 'யூலிமிட்' கட்டளையில் எல் ஆப்ஷன் கொடுத்துப் பாருங்கள். ஷெல்லில் ஏற்றிவிட்டு சர்வீஸ் ஃபைலில் மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது.

22, ஈஇன்வால். முகவரி பக்க எல்லையில் தொடங்குகிறதா? சாதா 'மாலாக்' கொடுத்த முகவரி பெரும்பாலும் தொடங்காது. சங்க் அளவு 2048-க்குக் கீழே போகக் கூடாது. அன்அலைன்ட் ஃபிளாக் இல்லாமல் 3072 மாதிரி இரண்டின் அடுக்கல்லாத எண்ணைக் கொடுத்தாலும் இதே பிழைதான்.

1, ஈபெர்ம். சாக்கெட்டைத் திறக்கும்போதே வந்தால் நெட்-ரா உரிமை இல்லை.

## அறிகுறி: முதல் சாக்கெட் பைண்ட் ஆகிறது, இரண்டாவது ஆகவில்லை

### 16, ஈபிஸி

ஷேர்ட்-யூமெம் ஃபிளாக் போட்டீர்களா? போடாமல் அதே கார்டு, அதே க்யூவில் பைண்ட் செய்தால் (சாக்கெட்டை அந்த க்யூவோடு இணைத்தால்) 'இந்த க்யூவுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது' என்று கெர்னல் திருப்பி அனுப்பும்.

ஃபிளாக் சரி, ஆனால் நிரலை நிறுத்தி உடனே மறுபடி தொடங்கும்போது மட்டும் வருகிறதா? பழைய சாக்கெட்டை மூடியதும் பஃபர் பூல் அந்தக் கணமே விடுபடாது, பின்னணியில் தள்ளிப்போட்டுத்தான் விடுவிக்கப்படும். சில மில்லிசெகண்டு இடைவெளி விட்டு சில முறை திரும்ப பைண்ட் செய்து பாருங்கள். அப்படியும் நீடித்தால், பழைய ப்ராசஸ் ஒன்று சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது.

### 22, ஈஇன்வால்

இந்த ஒரே எண்ணுக்குப் பின்னால் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். இந்த வரிசையில் தட்டிப் பாருங்கள்.

ஷேர்ட்-யூமெம் ஃபிளாக்கோடு வேறு ஃபிளாக் எதையாவது சேர்த்திருக்கிறீர்களா? காப்பி, ஜீரோ-காப்பி, நீட்-வேக்கப் (ட்ரைவரை எப்போது எழுப்ப வேண்டும் என்று கெர்னல் சொல்லும் வசதி) மூன்றையும் இரண்டாவது சாக்கெட்டில் போடக் கூடாது. முதல் சாக்கெட்டிடமிருந்து அவை தானாக வரும்.

இரண்டாவது சாக்கெட்டிலும் யூமெம்மைப் பதிவு செய்தீர்களா? பகிரும் சாக்கெட் தனக்கென்று யூமெம் வைத்துக்கொள்ள முடியாது.

ஒரே க்யூ வகை என்றால்: இரண்டாவதில் ஃபில் ரிங்கோ கம்ப்ளீஷன் ரிங்கோ உருவாக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். பல க்யூ வகை என்றால் நேர் எதிர்: இரண்டும் இல்லாவிட்டால்தான் பிழை.

க்யூ எண், கார்டில் இப்போது இயங்கும் க்யூக்களின் எண்ணிக்கைக்குள் இருக்கிறதா? எண்கள் 0-இல் தொடங்கும், நான்கு க்யூ என்றால் கடைசி 3. 'ஈதிடூல்' (கார்டு அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உள்ள கட்டளை) காட்டும் அதிகபட்ச எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள், தற்போதைய எண்ணிக்கைதான் கணக்கு.

ரிங் அளவு இரண்டின் அடுக்காக இல்லை என்றாலும் 22 வரும். ஆனால் அது பைண்டில் வராது, அதற்கு முன்பே ரிங்கை அமைக்கும் இடத்தில் வரும்.

### 95, ஈஆப்நாட்சப்

இரண்டு வேறு கார்டுகளில் பகிரும்போது அதிகம் குழப்புவது இது. முதல் சாக்கெட் ஜீரோ-காப்பியில் பைண்ட் ஆகிவிட்டால், பகிரும் மற்ற சாக்கெட்டுகளும் ஜீரோ-காப்பியாகத்தான் இருக்க வேண்டும் என்று கெர்னல் கட்டாயப்படுத்தும். இரண்டாவது கார்டின் ட்ரைவருக்கு அது தெரியாவிட்டால் இந்தப் பிழை. தனியாக பைண்ட் செய்தால் அதே கார்டு சத்தமில்லாமல் காப்பி முறைக்கு இறங்கி வேலை செய்யும் என்பதால் "நேற்றுவரை ஓடியதே" என்று தோன்றும்.

வழி இரண்டு. முதல் சாக்கெட்டை காப்பி ஃபிளாக்கோடு பைண்ட் செய்தால் எல்லாம் காப்பியில் ஓடும். வேகம் முக்கியம் என்றால் அந்த இரண்டு கார்டுக்கும் தனித்தனி யூமெம். முன்னதாகவே வரிசையை மாற்றி, ஜீரோ-காப்பி இல்லாத கார்டை முதலில் பைண்ட் செய்தால் பிழை மறையும். ஆனால் நல்ல கார்டும் காப்பி முறையில் மாட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ததாக எண்ணி விட்டுவிடாதீர்கள்.

### 9, 88, 92

பைண்டுக்குக் கொடுக்கும் யூமெம்-எஃப்டியில் (முதல் சாக்கெட்டின் ஃபைல் டிஸ்கிரிப்டர் எண்) தவறு. 9 என்றால் அந்த முதல் சாக்கெட் இன்னும் பைண்ட் ஆகவில்லை, 88 என்றால் அது சாக்கெட்டே அல்ல (அல்லது எஃப்டியே செல்லாது), 92 என்றால் சாக்கெட்தான், ஆனால் எக்ஸ்டிபி குடும்பம் அல்ல. பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் சாக்கெட் திறக்கும் நிரல்களில் 9 வந்து வந்து போகும். முதல் பைண்ட் முடியும்வரை மற்ற த்ரெட்டுகளைக் காக்க வையுங்கள்.

## அறிகுறி: எல்லாம் பைண்ட் ஆகிவிட்டது, ஒரு சாக்கெட்டுக்கு மட்டும் பாக்கெட் வரவில்லை

அந்த சாக்கெட்டின் புள்ளிவிவரத்தை எக்ஸ்டிபி-ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆப்ஷன் மூலம் எடுங்கள். அதைப் பொறுத்துப் பாதை பிரியும்.

எல்லா எண்ணும் 0. பாக்கெட் சாக்கெட்வரை வரவே இல்லை. கார்டின் க்யூவாரி எண்களை ஈதிடூலில் பாருங்கள். வேறு க்யூவில் ஏறினால், ஆர்எஸ்எஸ் (பாக்கெட்டுகளை க்யூக்களுக்குப் பிரித்தனுப்பும் கார்டு வசதி) அங்கே அனுப்புகிறது. சோதனைக்கு க்யூ எண்ணிக்கையை 1 ஆக்குங்கள், அல்லது ஃப்ளோ விதி போட்டு சரியான க்யூவுக்குத் திருப்புங்கள். (குறைக்கப் போகும்போது ஜீரோ-காப்பி சாக்கெட் மேல் க்யூவில் இருந்தால் ஈதிடூல் மறுக்கும். நிரலை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.)

சரியான க்யூவில்தான் ஏறுகிறதா? அப்படியென்றால் சந்தேகம் எக்ஸ்எஸ்கே-மேப் (எக்ஸ்டிபி நிரல் பாக்கெட்டைத் திருப்ப வேண்டிய சாக்கெட்டுகளின் அட்டவணை) மேல். ஒரே க்யூ வகையில் லிப்எக்ஸ்டிபி நூலகத்தின் இயல்பு நிரல் போதாது. அது க்யூ எண்ணை வைத்து ஒரே சாக்கெட்டைத்தான் தேர்ந்தெடுக்கும். எந்தப் பாக்கெட் எந்த சாக்கெட்டுக்கு என்று முடிவு செய்யும் எக்ஸ்டிபி நிரலை நீங்களே எழுதி ஏற்ற வேண்டும். பல க்யூ வகையில் வேறொரு பொறி: 1-ஆம் க்யூவில் பைண்ட் ஆன சாக்கெட்டுக்கு 0-ஆம் க்யூவின் பாக்கெட்டைத் திருப்பினால், கெர்னல் அதைக் கீழே போட்டுவிடும். யூமெம் ஒன்றாக இருப்பதால் எந்த சாக்கெட்டுக்கும் அனுப்பலாம் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அப்படி இல்லை. கார்டும் க்யூவும் பொருந்த வேண்டும். இந்த இழப்பு சாக்கெட்டின் எந்த எண்ணிலும் ஏறாது. 'எக்ஸ்டிபி-ரீடைரக்ட்-எர்' ட்ரேஸ்பாயிண்டில் மட்டும் தெரியும். பிபிஎஃப்டூலில் மேப்பைக் கொட்டிப் பார்த்து உறுதி செய்யலாம் என்று முயல வேண்டாம், எக்ஸ்எஸ்கே-மேப் தன் உள்ளடக்கத்தை வெளியே படிக்கத் தராது. எந்த இடத்தில் எந்த சாக்கெட்டைப் போட்டீர்கள் என்பதை உங்கள் நிரலே லாக் செய்யட்டும்.

ஃபில் ரிங் காலி என்ற எண் ஏறுகிறது. அந்த க்யூவின் ஃபில் ரிங்கில் ஃபிரேம் போடவே இல்லை. பல க்யூ வகையில், முதல் ஜோடியை மட்டும் நிரப்பிவிட்டு இரண்டாவதை மறப்பது சகஜம். ஒரே க்யூ வகையில் இந்த எண் எல்லா சாக்கெட்டிலும் ஒன்றாகவே தெரியும், ஏனென்றால் ரிங் ஒன்றுதான். நிரப்பியும் வரவில்லை என்றால் நீட்-வேக்கப் ஃபிளாக்கைப் பாருங்கள்: ஃபில் ரிங்கில் அது எழுந்திருந்தால் 'போல்' அழைத்து ட்ரைவரை எழுப்ப வேண்டும். நீங்கள் இரண்டாவது சாக்கெட்டில் கேட்காவிட்டாலும், முதலாவதிடமிருந்து அது வந்திருக்கும்.

ஆர்எக்ஸ் ரிங் (வந்த பாக்கெட்டுகளை நிரல் எடுக்கும் வரிசை) நிறைந்தது என்ற எண் ஏறுகிறது. உங்கள் த்ரெட் எடுக்கவில்லை, அல்லது மெதுவாக எடுக்கிறது. பகிர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆர்எக்ஸ் டிராப்ட் ஏறுகிறது. ஃபில் ரிங் காலி எண் ஏறாமல் இது மட்டும் ஏறினால், பாக்கெட் சங்கில் அடங்கவில்லை. 2048 சங்கில் 256 பைட் தலைப்பக்கத்துக்கு (பாக்கெட்டுக்கு முன் விடும் காலி இடம்) போய்விடும். ஜம்போ ஃபிரேம் வரும் இடத்தில் 4096 வையுங்கள். அதற்கும் மேல் என்றால் 6.6-இல் வந்த மல்டி-பஃபர் வசதி வேண்டும்.

## அறிகுறி: நன்றாக ஓடுகிறது, சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ வற்றி நின்றுவிடுகிறது

மறுதொடக்கம் செய்தால் சரியாகிறது, திரும்ப வருகிறது. ஃபில் ரிங் காலி எண் ஏறிக்கொண்டே போகிறது. எங்கோ ஃபிரேம்கள் தொலைகின்றன. எந்த ஃபிரேம் யாரிடம் இருக்கிறது என்று கெர்னல் உங்களுக்காகக் கணக்கு வைப்பதில்லை. அது முழுக்க உங்கள் நிரலின் வேலை. பகிர்வு வந்ததும் அந்தக் கணக்கு நாலு பேர் எழுதும் சீட்டு நோட்டாகிவிடும்.

முதல் சந்தேகம்: கம்ப்ளீஷனில் வந்ததை எங்கே போடுகிறீர்கள்? அ கார்டில் வாங்கி ஆ கார்டில் அனுப்பும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் அ-வின் ஃபில் ரிங்கில் புறப்படுகிறது, அ-வின் ஆர்எக்ஸில் வருகிறது, ஆ-வின் டிஎக்ஸில் (அனுப்பும் ரிங்) போகிறது, ஆ-வின் கம்ப்ளீஷனில் திரும்புகிறது. ஒற்றை சாக்கெட் மாதிரி நிரலிலிருந்து எடுத்த கோடு, ஆ-வின் கம்ப்ளீஷனை ஆ-வின் ஃபில்லிலேயே போடும். போக்குவரத்து ஒரு பக்கமே அதிகம் என்றால் அ வற்றும், ஆ நிரம்பும். இரு பக்கமும் சமமாக இருக்கும் சோதனைக் கூடத்தில் இது தெரியவே தெரியாது. திரும்பி வந்த ஃபிரேம்களைப் பொதுவான ஒரு இலவசப் பட்டியலில் (யாரிடமும் இல்லாத காலி ஃபிரேம்களின் பட்டியல்) போட்டு, எந்த ஃபில் ரிங் குறைகிறதோ அதற்கு அங்கிருந்து எடுத்துக் கொடுங்கள்.

இரண்டாவது: ரிசர்வ் 0 திருப்பும் இடம். லிப்எக்ஸ்டிபியின் ரிசர்வ் அழைப்பு (ரிங்கில் இடம் பிடிப்பது), கேட்ட எண்ணிக்கை முழுதும் கிடைத்தால் தரும், இல்லையேல் 0. 64 கேட்டு 63 இடம் இருந்தாலும் 0-தான். கம்ப்ளீஷனில் 64 முகவரியை எடுத்து ரிலீஸ் செய்துவிட்டு, ஃபில்லில் ரிசர்வ் 0 வந்ததும் திரும்பிவிடும் நிரலில் 64 ஃபிரேம் ஒரே அடியில் தொலையும். ரிலீஸுக்கு முன் முகவரிகளை இலவசப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நிரப்புவது தனி வேலை.

மூன்றாவது: ஒரே ரிங்கில் இரண்டு த்ரெட். நான்கு வகை ரிங்கும் ஒரு பக்கம் ஒருவர் எழுத, மறுபக்கம் ஒருவர் படிக்க என்று அமைந்தவை. ஒரே க்யூ வகையில் இரண்டு த்ரெட்டும் பொதுவான ஃபில் ரிங்கில் பூட்டில்லாமல் எழுதினால், இருவரும் ஒரே இடத்தை எடுத்து, ஒருவர் போட்ட முகவரி மேல் மற்றவர் எழுதுவார். ஒரு ஃபிரேம் போச்சு. ஃபில்லுக்கும் கம்ப்ளீஷனுக்கும் பூட்டு போடுங்கள், அல்லது அவை இரண்டையும் ஒரே த்ரெட்டிடம் ஒப்படையுங்கள். என் விருப்பம் இரண்டாவது. பூட்டு வேலை செய்யும், ஆனால் வேகத்துக்காகத்தான் இந்தப் பாடே என்பதை மறக்க வேண்டாம்.

இதே வகையில் இன்னொன்று: கம்ப்ளீஷனும் பொது என்பதால், முதல் சாக்கெட் அனுப்பிய ஃபிரேமை இரண்டாவது சாக்கெட்டின் த்ரெட் எடுத்துவிடும். ஆளுக்குப் பாதி ஃபிரேம் என்று பிரித்து வைத்திருந்தால், முகவரியைப் பார்த்து உரியவரிடம் திருப்பித் தர வேண்டும்.

நான்காவது: உண்மையிலேயே ஃபிரேம் போதவில்லை. தொலையவில்லை, எண்ணிக்கையே குறைவு. ஒவ்வொரு க்யூவுக்கும் ஃபில் ரிங்கின் அளவு, கார்டின் ஆர்எக்ஸ் ரிங்கும் சாக்கெட்டின் ஆர்எக்ஸ் ரிங்கும் சேர்ந்த அளவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அத்தனையையும் நிரப்பி, டிஎக்ஸில் நிற்பவற்றையும் சேர்த்து எல்லா க்யூவுக்கும் கூட்டுங்கள். ஒற்றை சாக்கெட்டுக்கு வைத்த 4096-ஐ அப்படியே நான்கு க்யூவுக்குப் பகிர்ந்தால் வற்றத்தான் செய்யும்.

எது என்று கண்டுபிடிக்க: ஃபிரேமுக்கு ஒரு பைட் வீதம் ஒரு அட்டவணை. இலவசம், ஃபில்லில், நிரலிடம், டிஎக்ஸில் என நான்கு நிலை. ஒவ்வொரு நகர்விலும் பழைய நிலை எதிர்பார்த்ததுதானா என்று சோதித்து, இல்லையென்றால் அங்கேயே நிரலை நிறுத்துங்கள். நொடிக்கு ஒருமுறை நான்கு நிலையின் எண்ணிக்கையையும் அச்சிடுங்கள். 'நிரலிடம்' மட்டும் ஏறிக்கொண்டே போனால் உங்கள் கோடு விழுங்குகிறது. 'டிஎக்ஸில்' ஏறினால் கீழே 'அனுப்புவது நின்றுவிடுகிறது' என்ற பகுதிக்குப் போங்கள். 'ஃபில்லில்' மொத்தம் சரி, ஆனால் ஒரு க்யூவில் குவிகிறது என்றால் முதல் சந்தேகம்தான்.

அட்டவணையில் எழுதும்முன் முகவரியைச் சங்க் தொடக்கத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸில் வரும் முகவரி சங்க் தொடக்கத்திலிருந்து தலைப்பக்க அளவு தள்ளி இருக்கும். அலைன்ட் முறையில் ஃபில் ரிங்கில் அப்படியே திருப்பிப் போட்டாலும் கெர்னல் சரிசெய்துகொள்ளும், உங்கள் அட்டவணை சரிசெய்யாது. அன்அலைன்ட் முறையில் தள்ளல் மேல் 16 பிட்டில் இருக்கும், அதற்கென உள்ள எக்ஸ்ட்ராக்ட் அழைப்பையே பயன்படுத்துங்கள்.

## அறிகுறி: பாக்கெட்டின் உள்ளடக்கம் கலங்கி வருகிறது

ஒரே ஃபிரேம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரே முகவரியை இரண்டு ஃபில் ரிங்கில் போட்டால் கெர்னல் தடுக்காது, இரண்டு பாக்கெட் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படும். மேலே சொன்ன அட்டவணை இதையும் அங்கேயே பிடித்துவிடும்.

- ஃபில்லில் திருப்பிப் போட்ட பிறகும் அந்தப் பாக்கெட்டைப் படிக்கிறீர்களா? லாக் எழுதும் த்ரெட் சுட்டியைப் பிடித்து வைத்திருப்பது வழக்கமான குற்றவாளி.
- ஒரே பாக்கெட்டைப் பல போர்ட்டுக்கு அனுப்புகிறீர்களா? ஒரே ஃபிரேமை இரண்டு சாக்கெட்டின் டிஎக்ஸில் போட்டால் இரண்டு கம்ப்ளீஷன் வரும். முதலாவதிலேயே இலவசம் ஆக்கிவிட்டால் இரண்டாவது கார்டு இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கும் நினைவகம் மறுபயனுக்குப் போய்விடும். ஃபிரேமுக்கு எண்ணிக்கை வையுங்கள்.
- இரண்டாவது ப்ராசஸில் மட்டும் பழைய அல்லது வெற்று உள்ளடக்கம் தெரிகிறதா? யூமெம் தனியார் நினைவகத்தில் இருக்கிறது, 'ஃபோர்க்' ஆன பிள்ளை ப்ராசஸ் பார்ப்பது நகல். மெம்-எஃப்டியில் ஷேர்ட் மேப்பிங்காக மாற்றுங்கள்.

## அறிகுறி: வாங்குவது சரி, அனுப்புவது நின்றுவிடுகிறது

முதலில் டிஎக்ஸ் இன்வாலிட் எண். ஏறினால் டிஸ்கிரிப்டர் தவறு: பாக்கெட் சங்க் எல்லையைத் தாண்டுகிறது, அல்லது ஆப்ஷன்ஸ் புலத்தில் குப்பை இருக்கிறது. ஆர்எக்ஸ் டிஸ்கிரிப்டரிலிருந்து முகவரியையும் நீளத்தையும் மட்டும் எடுத்து எழுதி ஆப்ஷன்ஸை விட்டுவிட்டால், ரிங்கின் முந்தைய மதிப்பு அங்கேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் 0 எழுதுங்கள்.

எண் ஏறவில்லையா? கம்ப்ளீஷன் ரிங்கைப் பாருங்கள். அது நிறைந்தால் கெர்னல் மேற்கொண்டு டிஎக்ஸிலிருந்து எடுக்காது. ஒரே க்யூ வகையில் ஒரு த்ரெட் கம்ப்ளீஷனை எடுக்காமல் விட்டால் மற்ற சாக்கெட்டின் அனுப்புதலும் சேர்ந்து நிற்கும்.

அதுவும் காலிதான் என்றால் 'சென்ட்டு' அழைக்கிறீர்களா? காப்பி முறையில் எப்போதும் வேண்டும், ஜீரோ-காப்பியில் நீட்-வேக்கப் சொல்லும்போது. அது 11, 16, 105 திருப்பினால் பயப்பட வேண்டாம், அடுத்த சுற்றில் மறுபடி அழையுங்கள். 100 வந்தால் கார்டு டவுன்.

## அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, வேகம் மட்டும் இல்லை

எக்ஸ்டிபி-ஆப்ஷன்ஸை எடுத்து ஜீரோ-காப்பி பிட்டைப் பாருங்கள். இல்லையென்றால் எங்கோ காப்பிக்கு இறங்கியிருக்கிறது. 95-க்குக் கீழே சொன்ன வரிசை விவகாரமாக இருக்கலாம், அல்லது எக்ஸ்டிபி நிரல் ஜெனெரிக் முறையில் (ட்ரைவரின் ஆதரவு இல்லாத மெதுவான முறை) ஏறியிருக்கலாம். ஜீரோ-காப்பிதான் என்றால், யூமெம் எந்த நூமா முனையில் (எந்த சிபியூவுக்கு அருகிலுள்ள நினைவகத்தில்) இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கார்டும் வேறு வேறு சிபியூ சாக்கெட்டில் செருகியிருந்தால் ஒன்றுக்கு நினைவகம் தூரம்தான். அங்கே பகிர்வதைவிட தனி யூமெம்மும் ஒரு நகலும் மலிவாக இருக்கக்கூடும், அளந்து பாருங்கள்.

## எப்போது ட்ரைவர் ஆட்களிடம் போவது

முதலில் ஒரே ஒரு சோதனை: நிரலில் வேறு எதையும் தொடாமல் முதல் சாக்கெட்டை காப்பி ஃபிளாக்கோடு பைண்ட் செய்து ஓட்டுங்கள். பழுது அப்படியே இருந்தால் உங்கள் கோடுதான், வெளியே போக வேண்டாம். வீத் ஜோடி (லினக்ஸின் மெய்நிகர் கார்டு இணை) ஒன்றில் ஓட்டி நிதானமாகத் துரத்தலாம்.

காப்பியில் மறைந்து ஜீரோ-காப்பியில் மட்டும் வருகிறது, அட்டவணையும் சுத்தமாக இருக்கிறது என்றால் ட்ரைவர் மேல் சந்தேகப்படலாம். (காப்பி மெதுவானது என்பதால் த்ரெட் மோதல் அதில் ஒளிந்துகொள்ளவும் கூடும். அதனால்தான் அட்டவணையைக் கேட்கிறேன்.) டிமெசேஜில் (கெர்னல் லாக்) ஐஓஎம்எம்யூ ஃபால்ட் (அனுமதியில்லாத நினைவகத்தைக் கார்டு தொட்டது), கால் ட்ரேஸ், டிரான்ஸ்மிட் க்யூ டைம்-அவுட் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால், அதற்கு மேல் பயனர் பக்கக் கோட்டில் நேரம் செலவழிக்காதீர்கள்.

கார்டு தயாரிப்பாளரின் ஆதரவுக் குழுவோ கெர்னல் பராமரிப்பாளர்களோ, யாரிடம் போனாலும் கேட்கப்படுபவை: கெர்னல் பதிப்பு, ட்ரைவரும் ஃபர்ம்வேரும், ஒரே க்யூ வகையா பல க்யூ வகையா, பைண்ட் ஃபிளாக்குகள், சங்க் அளவு, ரிங் அளவுகள், பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த சாக்கெட் புள்ளிவிவரம், முழு டிமெசேஜ். கூடவே இரண்டே சாக்கெட்டோடு பழுதைக் காட்டும் சின்ன நிரல் ஒன்று. வினியோகக் கெர்னலில் இருந்தால், அனுப்பும் முன் மெயின்லைன் கெர்னலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே வரவில்லை என்றால் புகார் போக வேண்டிய இடம் வினியோகக்காரர்.